மொட்டை வயலும் தாய்மாமன் சீரும்

1. வீடர் நகரவில்லை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையிலேயே, கலியமூர்த்தியின் வயலில் கோனோ வீடர் முட்டிக்கொண்டு நின்றது.

கோனோ வீடர் என்பது களையெடுக்கும் கருவி. நீளமான பிடி, அடியில் பல் வைத்த இரண்டு உருளைகள். நடவு வரிசைகளுக்கு நடுவில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே போனால் களையைப் பிய்த்துச் சேற்றில் அமுக்கிவிடும். வரிசை நேராகவும் இடைவெளி விட்டும் இருந்தால்தான் அது ஓடும். நான் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கி ஒரு தள்ளு தள்ளினேன். நகரவில்லை. பக்கத்து வரிசையில் வைத்துத் தள்ளினேன். அங்கேயும் நகரவில்லை.

நிமிர்ந்து வயலைப் பார்த்தேன். விடுமுறைக்கு முன்னால் நான் பார்த்துவிட்டுப் போன வயல் இது இல்லை. அதில் பயிரைவிடச் சேறுதான் ஜாஸ்தியாகத் தெரியும். இப்போது வயல் பச்சைப் பசேலென்று நிறைந்து கிடந்தது. குனிந்து பார்த்தால், எங்கள் ஒற்றை நாற்றுகளுக்கு இடையே நாங்கள் விட்டிருந்த இடத்தில் எல்லாம் முற்றிப்போன நாற்று, கொத்துக் கொத்தாக ஊன்றியிருந்தது.

வரப்பில் கலியமூர்த்தியின் மச்சான் ஜெயபால் நின்றிருந்தான். மனைவியின் தம்பி. அவனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"எப்டி சார் இருக்குது வயலு?"

"யாருய்யா இத நட்டது?"

"நான்தான் சார். நடவு ஆளுங்களக் கூட்டியாந்து நேத்து ஒரே நாள்ல முடிச்சிட்டேன். எங்கிட்ட நாத்து மீந்து கெடந்துச்சி."

"எதுக்குய்யா நட்ட?"

"எதுக்கா? என்னா சார் இப்பிடிக் கேக்குறீங்க. மொட்டையால்ல கெடந்துச்சி!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடரை அப்படியே சேற்றில் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு அதற்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பிடியில் இன்னும் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

2. போர்டுதான் வளர்ந்தது

இது 2008 சம்பாப் பட்டத்தில் நடந்தது. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவில் அப்போது நான் களப் பணியாளர். 2004 முதல் 2012 வரை அந்தப் பிரிவில்தான் இருந்தேன். ஒரு டி.வி.எஸ். 50, ஒரு தோள்பை, வெயிலுக்கு ஒரு தொப்பி. என் ஆபீஸ் பெரும்பாலும் அவ்வளவுதான்.

சுற்று வட்டார ஊர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் பிள்ளைகள் பட்டம் வாங்கும் இடம். சிலருக்கு அது தோட்ட வேலை, வாட்ச்மேன் வேலை கிடைக்கும் இடம். அதைத் தாண்டி எங்களுக்கும் கீரப்பாளையத்து வயல்களுக்கும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் நெல்லைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். அதே தூரத்தில் அவர்கள் நெல்லை நட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நிலைமை மாற வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதன் தலைவர் பேராசிரியர் ஹேமலதா. எல்லோரும் மேடம் என்போம். கண்டிப்பான மனுஷி. பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவார், ஆனால் கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ள மாட்டார். அதுதான் பயம்.

திட்டத்தில் எங்கள் பங்கு ஒற்றை நாற்று நடவு. பதினாலு நாள் நாற்றை, குத்துக்கு, அதாவது நடும் இடத்துக்கு, ஒன்றாக, கயிறு பிடித்துச் சதுரமாக நட வேண்டும். எப்போதும் தண்ணீர் கட்டி வைக்க வேண்டியதில்லை. காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் போதும். விதை கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம். வீராணம் ஏரித் தண்ணீர் வாய்க்காலின் கடைசி வயலுக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீர்ச் சண்டையில் ஊரில் பாதிப் பேர் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீரைக் குறைத்து நெல் விளைவிக்க முடிந்தால், அதைவிடப் பெரிய நீடித்த வளர்ச்சி எதுவும் இல்லை என்பது மேடத்தின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

செயல்விளக்கத் திடல் ரோட்டோரமாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதலில் போட்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க வேண்டுமாம், பார்த்தால் பின்பற்றுவார்களாம். அதனால் கீரப்பாளையத்தில் ரோட்டோரமாகப் பயிர் வைத்திருந்த கலியமூர்த்தியைப் பிடித்தோம். அவன் வயல் வாய்க்காலின் கடைசியிலும் இருந்தது. அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"தண்ணி கொறைவா வந்தாலும் தாங்குமா சார்?"

"தாங்கும்."

"அப்ப நடறேன்."

நட்ட அன்றே ரோட்டோரத்தில் போர்டு வைத்தோம். 'வட்டார நீடித்த வளர்ச்சியில் பல்கலைக்கழகத்தின் பங்கு' என்று நீல எழுத்து. போர்டு ஆள் உயரம். நாற்று விரல் உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் காலி நிலத்தில் போர்டு மட்டும் நிற்பதுபோல் இருக்கும்.

அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"என்னா கலியமூர்த்தி, நட்டுட்டியா, இல்ல நடறதுக்கு அடையாளம் வெச்சிருக்கியா?"

"போர்டு நல்லா வளந்திருக்குதுப்பா. நெல்லத்தான் காணும்."

"யூனிவர்சிட்டிக்கு நாத்து வாங்க வக்கில்லயா? குத்துக்கு ஒண்ணா எண்ணி எண்ணிக் குடுத்தாங்களா?"

பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்கள். வயலுக்கு 'மொட்டை வயல்' என்று பேர் விழுந்துவிட்டது. கலியமூர்த்தி டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டான். நான் போனால், "எப்ப சார் தூர் கட்டும்?" என்று மட்டும் கேட்பான். தூர் கட்டுவது என்றால் ஒரு நாற்றுப் பக்கத்தில் கிளை வெடித்துக் குத்தாகப் பருப்பது. அதற்கு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பேன். சரி என்று தலையாட்டுவான். அவன் பொறுத்துக்கொள்வான் என்றுதான் நானும் நினைத்தேன். அவனுக்கு ஒரு மச்சான் இருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

3. வாத்தியார் நிலம்

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. நிலம் கலியமூர்த்தியுடையது இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சபாபதியின் நிலம். கலியமூர்த்தி வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் வைக்கிறான். எழுத்து ஒன்றும் கிடையாது. வாத்தியார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வேறு நிலமும் அவனுக்கு இல்லை.

வாத்தியார் ஒருநாள் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது வயலைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தே வந்துவிட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"என்னய்யா இது? என் நெலத்துல என்னா பண்ணி வெச்சிருக்க?"

"புது மொறைங்க ஐயா. யூனிவர்சிட்டில..."

"யூனிவர்சிட்டி புஸ்தகத்துல எழுதட்டும். யாரு வேணாம்னது? என் நெலத்துல எதுக்கு எழுதுறாங்க?"

நான் குறுக்கே போய் விளக்கம் சொன்னேன். அவர் கேட்டார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் கலியமூர்த்தியிடம் சொன்னார்.

"இத பாரு. அறுப்பு கொறஞ்சிதுன்னு வையி, அப்புறம் நீ இந்த வரப்புல கால் வெக்க வேணாம். வேற ஆள நான் பாத்துக்கறேன்."

கலியமூர்த்தியின் மனைவி தனலட்சுமி வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாள் நின்றது. பிறகு மறுபடியும் அறுக்கத் தொடங்கினாள்.

4. திருவந்திபுரத்தில்

இனி நான் எழுதுவது கலியமூர்த்தியும் தனலட்சுமியும் பிறகு சொன்னது.

அவர்கள் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும் புரட்டாசிச் சனிக்கிழமையில், கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் என்று வேண்டுதல். ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி அது வந்தது. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை வைத்து மொட்டை அடிக்க வேண்டும். ஜெயபால் புது வேட்டி கட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் உட்கார்ந்தான். சட்டை, கொலுசு, கம்மல் என்று சீரும் குறைவில்லாமல் கொண்டு போயிருந்தான்.

மொட்டை அடித்து முடித்துச் சந்தனம் பூசும்போது உறவில் யாரோ ஒருவர் சொன்னாராம்.

"கலியமூர்த்தி வூட்ல இந்த வருசம் ரெண்டு மொட்ட. புள்ளைக்கு ஒண்ணு, வயலுக்கு ஒண்ணு."

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கலியமூர்த்தியும் சிரித்துவைத்திருக்கிறான். வேறென்ன செய்வான்? இன்னொருவர் விடாமல், "புள்ளைக்குத் தாய்மாமன் மடி குடுத்தான். வயலுக்கு எந்த மாமன் மடி குடுத்தான்?" என்று கேட்டிருக்கிறார்.

சும்மா சொன்ன பேச்சு. ஆனால் ஜெயபாலுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில்கூட அவன் சரியாகச் சாப்பிடவில்லையாம். "மாமா, நீங்க கடலூர்ல ரெண்டு நாள் தங்கிட்டு வாங்க. எனக்கு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு மத்தியானமே பஸ் ஏறிவிட்டான். அக்கா குடும்பம் அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கியது. யூனிவர்சிட்டிக்காரர்களும் விடுமுறையில் வர மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நடவு ஆட்களை இறக்கி, தன் நாற்றங்காலில் மீந்திருந்த நாற்றைப் பிடுங்கி, மாமன் வயலை நிரப்பிவிட்டான். அதோடு நிற்கவில்லை. வாத்தியாருக்குப் போன் போட்டு, "ஐயா, வயலு நெறஞ்சிடிச்சி, வந்து பாருங்க" என்றும் சொல்லிவிட்டான்.

கலியமூர்த்தி திங்கட்கிழமை மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கி, வயலைப் பார்த்து, என்னையும் பார்த்தான். ஜெயபால் ஓடி வந்து அவன் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"இதுவும் என் சீருன்னு வெச்சிக்க மாமா."

கலியமூர்த்தி அவன் தோளில் கையை வைத்தான். திட்ட வாய் வரவில்லை. எப்படி வரும்? யாராவது எதிரி செய்திருந்தால் பஞ்சாயத்துக்குப் போகலாம். பாசத்தில் செய்தவனை என்ன செய்வது? இத்தனை வருஷ சர்வீஸில் ஆடு மேய்ந்து, எலி வெட்டி, வெள்ளம் புகுந்து திடல் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்பால் கெட்டது அது ஒன்றுதான்.

5. நட்டவன் பிடுங்கினான்

நான் மேடத்திற்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"எவ்வளவு ஏரியா?"

"முழு வயலும் மேடம்."

"அப்போ அந்த ப்ளாட்டை ரிஜெக்ட் பண்ணணும். டேட்டா எடுக்க முடியாது."

"மேடம், ரிஜெக்ட் பண்ணா நாம கெளம்பிடலாம். அவன் எங்க போவான்?"

மேடம் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் டிபார்ட்மெண்ட் ஜீப்பில் அவரே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி ஒரு குத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"எங்க நாத்து இதுக்குள்ள மூச்சு விட முடியாம நிக்குது. இடத்துக்கும் எருவுக்கும் ரெண்டும் அடிச்சிக்கும். முத்தின நாத்து இனிமே பெருசா தூர் கட்டாது, இதையும் கட்ட விடாது. வீடரும் ஓடாது. பிடுங்கறதா இருந்தா இன்னிக்கே பிடுங்கணும். வேர் பிடிச்சிட்டா, அதோட சேர்ந்து நம்ம நாத்தும் வந்துடும்."

கலியமூர்த்தி தயங்கினான்.

"மேடம், வாத்தியாரு இன்னிக்கு வர்றாரு. வந்து பாத்துட்டுப் போயிடட்டுமே. அப்புறமா புடுங்கிக்கலாம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

"அடுத்த தடவ அவர் பஸ்ல போகும்போது கண்ண மூடிட்டா போவாரு?" என்றார் மேடம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் வந்துவிட்டார். வரப்பில் நின்று குடையை ஊன்றிக்கொண்டு வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பதான் வயலு வயலா இருக்குது. இதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்?"

ஜெயபால் மாமனைப் பெருமையாகப் பார்த்தான். கலியமூர்த்தி தரையைப் பார்த்தான். அவன் அப்போது ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் போதும். நிலம் அந்த வருஷத்துக்குத் தப்பித்திருக்கும். நாங்களும் போர்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்போம். ஊரில் ஒரு வாரம் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். பிடுங்கலாம் என்று அவன் சொன்னால் வாத்தியாருக்கும் ஆகாது, மச்சானுக்கும் ஆகாது. மச்சான் செய்த சீரை மாமன் பிடுங்கி எறிந்தான் என்றால் அந்த உறவு என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தனலட்சுமி இடுப்பில் இருந்த குழந்தையைக் கலியமூர்த்தியிடம் கொடுத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் இருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். குனிந்து, தம்பி நட்ட ஒரு கொத்தைப் பிடுங்கி வரப்பில் போட்டாள்.

"அக்கா!" என்றான் ஜெயபால்.

"டேய், புள்ளைக்கு நீ சீரு செஞ்ச. என் வயிறு குளுந்துச்சி. வயலுக்கு உன்ன யாருடா கேட்டா?"

"ஊரே சிரிக்குதுக்கா. மாமாவ எல்லாரும்..."

"சிரிக்கட்டும். எங்கிட்டயுந்தான் கொழாயடில கேக்குறாளுங்க. நான் என்னா செத்தா போயிட்டேன்? தெனமும் புல்லறுக்க வர்றன்ல. இந்த ஒத்த நாத்து கெள வெடிக்குதுடா. நீ நட்டது முத்துன நாத்து, அது இனிமே வெடிக்குமா? போன வருசம் கடைசித் தண்ணி வராம நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியாதா? சிரிக்கிறவனா வந்து தண்ணி கட்டினான்?"

இன்னொரு கொத்தைப் பிடுங்கினாள்.

"நட்டவன்தான் புடுங்கணும். எறங்கு."

ஜெயபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, நீ சொல்லு. புடுங்கட்டுமா?"

கலியமூர்த்தி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"புடுங்கு மச்சான். மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

ஜெயபால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் குடையால் வரப்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னா இது, என் எதுருலயே திரும்ப மொட்ட அடிக்கிறீங்களா? கலியமூர்த்தி, நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

மேடம் சேற்றுக் காலோடு அவர் எதிரே போய் நின்றார்.

"சார், அறுப்புக்கு வாங்க. நெல்லு கொறஞ்சா நான் வந்து உங்களுக்குப் பதில் சொல்றேன்."

"நீங்க சொல்லுவீங்க. ஆபீசர்ங்க எல்லாரும் சொல்றதுதான். அறுப்பு வர்றப்ப உங்கள எந்த ஊருக்கு மாத்தி இருப்பாங்களோ, யாரு கண்டா?"

"எங்களை எங்கயும் மாத்த முடியாது சார். யூனிவர்சிட்டி இங்கதான் இருக்குது. நான் தப்பு பண்ணா, நாளைக்கு இதே ரோட்லதான் வேலைக்குப் போகணும். இவங்க முகத்துலதான் முழிக்கணும்."

வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். பல்கலைக்கழகத்தின் பங்கு பற்றி நான் எத்தனையோ கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கொட்டாவியும் விட்டிருக்கிறேன். அந்த வரப்பில் கேட்ட பதில் மட்டும் எனக்கு மறக்கவில்லை. கம்பெனி கிளம்பிவிடும். அதிகாரிக்கு டிரான்ஸ்பர் வரும். வட்டாரப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் தான் சொன்ன யோசனையின் பலனைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

6. மழை, பிறகு அறுப்பு

பிடுங்கும் வேலை முழுதாக முடியவில்லை. உள்பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். ரோட்டோரப் பட்டை மட்டும் மிச்சம் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வயலில் தண்ணீர் ஏறிவிட்டது. அதில் இறங்கிப் பிடுங்கினால் நல்ல நாற்றும் போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டோம். ரோட்டோரமாக இருந்ததால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பட்டைதான் தெரிந்தது. வயல் நன்றாக இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மழை விட்ட நாட்களில் வீடர் ஓடியது. ஜெயபால்தான் தள்ளினான். யாரும் கேட்காமலே வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான், ஆனால் வந்தான். நெடுக்கில் தள்ளி, பிறகு குறுக்கில் தள்ளி, ஒரு வரிசைகூட விடவில்லை. நான் ஏதாவது சொன்னால், "தெரியும் சார்" என்பான். ஒருநாள் வீடரை நிறுத்திவிட்டு ஒரு குத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். கையை அகல விரித்துப் பிடித்துப் பார்த்தான். பிடிக்குள் அடங்கவில்லை.

"ஒத்த நாத்தா சார் இது?"

"நீதானய்யா பக்கத்துல இருந்தத புடுங்குன."

அவன் அடுத்த குத்துக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பிடித்துப் பார்த்தான்.

அந்த வருஷம் மழை மறுபடியும் வந்தது. ஊர் முழுக்க வயல் ஏரியாகக் கிடந்தது. நாங்கள் வடிகால் வெட்டினோம். தண்ணீர் வடிந்தபோது உள்பக்கத்துப் பயிர் நிமிர்ந்து நின்றது. ரோட்டோரப் பட்டை சாய்ந்து படுத்துவிட்டது. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே வயலில் அடையாளம் கிடைத்தது. இதை நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. செய்ததாக அறிக்கையிலும் எழுதவில்லை.

தை மாதம் அறுப்பு. மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றக் காலையிலேயே வந்து களத்து மேட்டில் நாற்காலிகூட வேண்டாம் என்று நின்றுகொண்டிருந்தார். கலியமூர்த்தி இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று தனலட்சுமி என்னிடம் சொன்னாள். வாத்தியார் குடையோடு வந்தார். கட்டுகள் களத்துக்கு வரத் தொடங்கின. வந்துகொண்டே இருந்தன. தூற்றி அளந்து முடித்தபோது, முந்தைய வருஷத்தைவிட நெல் கூடுதலாக நின்றது. எவ்வளவு கூடுதல் என்பது ஆராய்ச்சிக் கட்டுரைக்காரர்களுக்கு. எங்களுக்குக் குறையவில்லை என்பதே போதுமாக இருந்தது.

வாத்தியார் ஒரு கை நெல்லை அள்ளி ஊதிப் பார்த்தார்.

"என் நெலம் எப்பவுமே நல்ல நெலம்தான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கலியமூர்த்தி கேட்டான், "ஐயா, அடுத்த பட்டத்துக்கு..."

"பயிர் வையேன். யாரு வேணாம்னது?"

கலியமூர்த்தி சட்டென்று திரும்பி வைக்கோலைப் பார்ப்பதுபோல் போய்விட்டான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம். தனலட்சுமி மறைக்கவில்லை. குழந்தையைத் தூக்கி வாயோடு வாயாக முத்தம் கொடுத்து, களத்து மேட்டில் எல்லோருக்கும் முன்னால் அழுதாள்.

7. பிறகு செய்தது

அடுத்த பட்டத்துக்கு முன் ஆய்வுக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர், "இந்த வெற்றியை வைத்து ஒவ்வொரு ஊரிலும் ரோட்டோரமாக ஒரு விவசாயியைத் தேர்ந்தெடுங்கள்" என்றார். மேடம் முடியாது என்றார். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் அடுத்தடுத்த வயல்களாக எடுப்போம், உறவுக்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது என்றார். நிபுணர் காரணம் கேட்டார். மேடம் திருவந்திபுரத்தில் ஆரம்பித்துச் சொன்னார். நிபுணர் சிரித்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஒப்புதல் வருவதற்கு முன்பே ஜெயபால் எங்கள் டிபார்ட்மெண்ட் வாசலில் வந்து நின்றுவிட்டான். உள்ளே வரக் கூச்சம். நான் வெளியே போனேன்.

"என்னய்யா, இந்தப் பக்கம்?"

"இந்த வருசம் நானும் ஒத்த நாத்துதான் சார் நடப் போறேன். மாமா வயலுக்கு அடுத்து என் வயலு. எங்க சித்தப்பாரு வயலு அதுக்கு அடுத்து. அவருகிட்டயும் பேசிட்டேன்."

"ஊரு சிரிக்குமேய்யா?"

"சிரிக்கட்டும் சார். போன வருசம் மாமா ஒத்தையா நின்னாரு. அதான் எனக்குத் தாங்கல. வேண்டுதல்னா குடும்பத்தோட சேந்துதான மொட்ட போடுவோம். இந்த வருசம் எல்லாரும் சேந்தே போட்டுக்கறோம்."

நான் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மேடத்திடம் விட்டேன். அந்த ஆண்டு அந்த வாய்க்கால் நெடுக மொட்டை வயலாகத்தான் கிடந்தது. பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

விரிவாக்கப் பணிக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். விதை, உரம், வீடர் எல்லாம் நீங்கள் கொடுப்பீர்கள். அதோடு விவசாயியின் வயல் மொட்டையாகத் தெரியும் முதல் மாதத்தில், பக்கத்தில் இன்னொரு மொட்டை வயல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அவன் கூட நிற்க ஒரு மச்சானைத் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் நடச் சொல்லுங்கள்.